பிரேக்கை மாட்டியது யார்?

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றே உதிரட்டும்.

கோத்தகிரி எஸ்டேட் முதலாளி சபாபதி, டிக்கியில் காளான் முளைத்த தன் பழைய காரை, "எடுத்துட்டுப் போய்த் தொலைடா" என்று தோட்டக்காரர் போஜனிடம் தள்ளிவிட்டார். போஜன் இரண்டு வருஷம் வீட்டு வாசலில் அதன் அடியிலேயே கிடந்தார். துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்துப் பூட்டி, அவர் தேய்த்த தேய்ப்பில் ஊரே அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டி, "கழுவத்தான் இவன்கிட்ட விட்டேன். ஒரு நட்டு விடாம நானே முடுக்கின வண்டி" என்றார். சாவியைப் பிடுங்கி, உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட்டும் செய்துவிட்டார். எதிரே செங்குத்தான இறக்கம்.

போஜன் பணிவாகக் கதவைச் சாத்தினார்.

"ரொம்பச் சரிங்க முதலாளி. நேத்து நான் கழட்டின பிரேக்கை நீங்களே திரும்ப மாட்டிட்டீங்கதானே?"

முதலாளி மிதித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்போடு வெளியே குதித்தார்.

போஜன் ஏறி உட்கார்ந்தார். இறக்கத்தில் விட்டு, பாதியில் பூனை மாதிரி நிறுத்தினார்.

"எல்லா நட்டும் முடுக்கினவருக்கு, வண்டியில பிரேக் இருக்கிறதே தெரியலைங்களே" என்றார்.

ஊர் சிரித்த சிரிப்பில் வண்டி போஜனுக்கே என்று முடிவாயிற்று.

யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தினமும் அந்த எஸ்டேட் வழியாகத்தான் நான் டீக்கடைக்குப் போகிறேன்.