ஆச்சா மரத்தின் கோடுகள்

காற்றில் விழுந்த ஆச்சா மரம் ஆசிரமத்துப் பாதையை மறித்துக் கிடந்தது. அந்த மலையில் அந்த ஜாதியில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். இருவர் இழுத்து மரம் அறுக்கும் வாளின் ஒரு பக்கம் குரு பூவாத்தாள். மறுபக்கம் சீடர் நாச்சிமுத்து.

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். ஊரில் மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருந்தவர். மரத்தைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவர் நினைப்பு.

காலையில் ஊரிலிருந்து ஆள் வந்திருந்தது. நாச்சிமுத்துவின் அண்ணன் படுத்த படுக்கையாம். தம்பியை ஒரு தரம் பார்க்க வேண்டுமாம்.

"நான் போகோணுங்களாம்மா?"

"போகாம இருக்கறதுக்கு என்ன?"

"என்ற மாமனார் வீட்டாளுங்களப் பந்தியில இருந்து எழுப்பினான். கிணத்துத் தண்ணிய மறிச்சான். அப்பன் செத்ததுக்கு ஆள் அனுப்பல. மூணையும் மறக்க முடியலீங்க."

பூவாத்தாள் வாளை இழுத்தாள். கட்டை இரும்பாக இருந்தது. மதியத்துக்குள் ஒருவழியாக அடிமரம் துண்டாயிற்று.

"இதுக்கு என்ன வயசிருக்கும்?"

நாச்சிமுத்து தண்ணீர் தெளித்து வெட்டுமுகத்தைத் துடைத்தார். தேக்கில் எத்தனையோ தரம் எண்ணியவர். விரல் நடுவிலிருந்து பட்டைவரை போயிற்று.

"ஏழு வருசமுங்க."

சொன்ன பிறகுதான் மரத்தின் பருமனைப் பார்த்தார். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

குரு சிரித்தாள். "உங்க தாத்தன் காலத்து மரமுங்க இது. தேக்கு வருசா வருசம் இலை உதிர்க்கும், வருசத்துக்கு ஒரு கோடு விழும். இது அப்படியில்ல. மழை அடியோட பொய்ச்சு, வளர்றது நின்னு போனாத்தான் கோடு. நல்ல வருசத்துக்கு அடையாளமே இருக்காது."

"அப்ப நான் எண்ணினது?"

"பஞ்சத்த."

இரண்டு கோடுகளுக்கு நடுவே கட்டை அகலமாக, ஒரு குறியும் இல்லாமல், கருஞ்சிவப்பாக இருந்தது. நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூவாத்தாள் வாளில் தன் பக்கத்துப் பிடியைத் தூக்கிக் காட்டினாள்.

"மரவாடியில இந்தப் பிடிய யாரு புடிச்சாங்க?"

"அண்ணந்தானுங்க."

"எத்தன வருசம்?"

"அதையெல்லாம் யாருங்க கணக்கு வச்சா?"

"நீங்க சொன்ன மூணுல அது எங்க இருக்குது?" என்றாள் பூவாத்தாள்.