பிரிசில்லாவுக்கு விழுந்த கையெழுத்து

"எனக்கு ஏன் இன்னும் கையெழுத்துப் போடலை?"

தெய்வானை கேட்டது ரமீசா சிஸ்டரிடம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ரமீசாதான் பொறுப்பு. புதிதாக வருகிற நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து, இனி இவளை ஒரு பெட்டில் தனியாக விடலாம் என்று பயிற்சிப் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான்.

ரமீசாவுக்கு வயது முப்பத்தொன்று. கேட்டவளுக்கு முப்பத்தொன்பது. அதுவே தெய்வானைக்குப் பாதி எரிச்சல்.

"பிரிசில்லாவுக்கு நேத்துப் போட்டுட்டீங்க."

"போட்டேன்."

"அது காலேஜை விட்டு வந்து முழுசா ஒரு வருஷம் ஆகலை. நான் பிரசவ வார்டுல பதினாலு வருஷம் குப்பை கொட்டிட்டு வந்திருக்கேன். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் இங்க வந்தோம்."

"ஆமாக்கா."

"சனிக்கிழமைக்குள்ள கையெழுத்து வரலைன்னா என்னைப் பழைய வார்டுக்கே அனுப்பிருவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"அங்க எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?"

ரமீசா சின்ன டார்ச் ஒன்றுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். போட்டு முடித்து, உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார்.

"இன்னைக்கு உங்களுக்கு வேற வேலை இல்லை. பிரிசில்லாவோட பெட் பக்கத்துல நில்லுங்க. அவ செய்யற தப்பு ஒன்னே ஒன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அடேயப்பா! தெய்வானைக்கு இதைவிட இனிப்பான வேலையை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கொடுத்ததில்லை.

பிரிசில்லாவுக்குக் கொடுத்திருந்தது நாலாம் நம்பர் பெட். படுத்திருந்தவர் சௌந்தரபாண்டி, லாரி டிரைவர். ரத்தத்தில் கிருமி ஏறி, பிரஷர் இறங்கி, நினைவு இல்லாமல் கிடந்தார். மூச்சு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. பிரஷரைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து சிரிஞ்சு பம்பு வழியாகத் துளித்துளியாக ஏறிக்கொண்டிருந்தது.

தெய்வானை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள்.

பிரிசில்லா கை கழுவினாள். சரியாகத்தான் கழுவினாள்.

மூச்சு மெஷின் குழாயில் அடைத்திருந்த சளியை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால், நினைவில்லாத மனுஷனிடம் குனிந்து, "அண்ணே, இருமல் வரும். கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள்.

நடிப்பைப் பாரு, என்று நினைத்தாள் தெய்வானை. தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை அங்கேயே அமுக்கினாள்.

ஒரு முடி தொப்பிக்கு வெளியே வந்தது. அது தப்பாகுமா? ஆகாது. இருந்தாலும் குறித்துக்கொண்டாள்.

டாக்டர் வந்தார். "பிரிசில்லா, காலையிலேர்ந்து யூரின் எவ்வளவு?" என்றார். தெய்வானையைப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். அந்தப் பிள்ளைக்குப் பேர் உண்டு. இவளுக்கு வெறும் ஏம்மா.

பார்வையாளர் நேரத்தில் சௌந்தரபாண்டியின் மனைவி வந்தாள். தெய்வானையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தத் தங்கச்சி இன்னைக்கும் இருக்குல்ல? அப்பச் சரி" என்றாள்.

தெய்வானைக்கு வயிறு எரிந்தது. பதினாலு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருப்பாள்! பெத்தவள் ஒருத்தியாவது இப்படித் தேடியிருப்பாளா?

பதினொன்றரை மணிக்குப் பம்பு கூவியது. சிரிஞ்சில் மருந்து தீரப் போகிறது.

இந்த மருந்தை மாற்றுவதென்றால் ரெண்டு பேர் வேண்டும். ஒருத்தி அளவை வைக்க வேண்டும். இன்னொருத்தி கிட்டே வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே அது சட்டம். தெய்வானை இன்னும் பயிற்சிதான், அவள் சொல்கிற சரி செல்லாது.

பிரிசில்லா பக்கத்துப் பெட் நர்சைக் கூப்பிட்டாள்.

அவளுக்குக் கை நிறைய வேலை. அங்கிருந்தே கழுத்தை மட்டும் திருப்பி, "பார்த்துட்டேன், போடு போடு" என்றாள். எங்கே பார்த்தாள்? பிரிசில்லாவின் முதுகைத்தான் பார்த்தாள். பிரிசில்லா மேலே அவ்வளவு நம்பிக்கை.

பம்பில் ஆறு வைக்க வேண்டும். பிரிசில்லா ஆறு, புள்ளி, சைபர் என்று அழுத்தினாள். அவசரத்தில் புள்ளி பதியவில்லை.

அறுபது.

வார்டில் யாரும் பார்க்கவில்லை. தெய்வானை பார்த்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நொடி அவள் மனசுக்குள் மத்தாப்பே கொளுத்தினார்கள். மாட்டினியா! காலையிலிருந்து நின்ற கால் வலி போன இடம் தெரியவில்லை. பிரிசில்லாவின் விரல் பொத்தானுக்குப் போனது. அழுத்தட்டும். அழுத்தினால்தானே தப்பு? இப்போதே சொன்னால், நானே கவனிச்சிருப்பேனே என்பாள். அழுத்தட்டும், ஒரே ஒரு நொடி, அப்புறம்...

"ஏய், கையை எடுடி!"

வார்டே திரும்பியது. கத்தியது தான்தான் என்று தெய்வானைக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

பிரிசில்லா சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"அறுபது வச்சிருக்க. நல்லாப் பாரு."

பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அழித்து, திரும்ப வைத்தாள். பக்கத்துப் பெட் நர்சும் ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களும் வாய்விட்டுப் படிங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பிரிசில்லா முதலில் படித்தாள்.

"ஆறு."

"ஆறு" என்றாள் அந்த நர்ஸ்.

அழுத்தினாள். பம்பு ஓடியது. பிரிசில்லா தெய்வானை பக்கம் திரும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தேங்க்ஸ்க்கா. நீங்க இல்லைன்னா இன்னைக்கு இவரை நான் கொன்னிருப்பேன்" என்றாள்.

இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு அதிலும் நல்ல பேர் வாங்குகிறாளே! தெய்வானைக்குப் பொறுக்கவில்லை.

ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. தெய்வானை பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரமீசாவின் மேஜைக்கு ஓடாத குறையாகப் போனாள்.

"கெடைச்சிருச்சு சிஸ்டர்!"

"சொல்லுங்க."

"நாலாம் பெட். ஆறுக்குப் பதிலா அறுபது. நான் பார்த்துக் கத்தலைன்னா..."

ரமீசா மேஜை மேலிருந்த ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

நடக்க இருந்த தப்பை எழுதிக் கொடுக்கிற தாள் அது. பிரிசில்லாவின் குண்டு குண்டு எழுத்து. ஆறுக்குப் பதிலாக அறுபது வைத்தேன். ரெண்டாவது ஆள் கிட்டே வருகிறவரை நான் காத்திருக்கவில்லை. தெய்வானை அக்கா பார்த்துத் தடுத்தார். நேரம் பதினொன்று முப்பத்திரண்டு. கீழே முழுப் பேர்.

இதிலுமா முந்திக்கொண்டாள்!

"எப்பக் கொடுத்தா?"

"பன்னெண்டு மணிக்கு முன்னாடியே."

"யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

"நேத்துப் போட்ட கையெழுத்தை நீங்க திருப்பி வாங்கிட்டா என்ன செய்வாளாம்?"

"கேட்டேன். வாங்கிக்கங்க சிஸ்டர்னு சொல்லிட்டுப் பெட்டுக்குப் போயிட்டா."

தெய்வானை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் எரிந்தது.

ரமீசா இழுப்பறையைத் திறந்தார். அதே மாதிரி வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, பேனாவை அதன் மேல் வைத்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு எதுக்கு? நான் ஒன்னும் செய்யலையே."

ரமீசா பேனா மூடியைக் கழற்றி வைத்தார்.

"இங்க வந்து ஒரு தப்பும் செய்யலை சிஸ்டர்."

"பதினாலு வருஷம்னு சொன்னீங்களேக்கா. உக்காருங்க."

தெய்வானை உட்கார்ந்தாள். வேறு எதற்காகவும் இல்லை. அந்தப் பொடிசு எழுதுவாள், நான் எழுத மாட்டேனா? அந்த வீம்புதான் பேனாவை எடுக்க வைத்தது.

முதல் வரியில் தேதி. ஒன்பது வருஷத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை. பேனா அங்கேயே நின்றது. அப்புறம் மெதுவாக நகர்ந்தது.

பிரசவமான பெண்ணுக்குப் பிரஷர் பார்க்காமலே நூற்றுப் பத்துக்கு எழுபது என்று சார்ட்டில் எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது படுக்கை நனைய ரத்தம் போயிருந்தது. பிழைத்துக்கொண்டாள். சார்ட்டை யாரும் சந்தேகப்படவில்லை. நானும் சொல்லவில்லை.

கீழே தன் பேரை எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ரமீசா அவளுடைய பயிற்சிப் புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, திறந்தபடியே அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

தெய்வானை அதைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், இன்னொரு தாள் இருக்கா?" என்றாள்.