தண்ணீரைத் தொடாத மூங்கில்

இலுப்பைக் காட்டில் பூதலிங்கம் என்றொரு கரடியும் பேச்சி என்றொரு மந்தியும் உயிருக்குயிராகப் பழகி வந்தார்கள். பூதலிங்கம் மல்லுக்கட்டுவதில் சூரன். எதிராளியை எங்கே பிடிக்க வேண்டும், எப்படிப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவள் பேச்சி.

அந்த வருடம் ஏழு நாட்டு மிருகங்களின் மல்யுத்தப் போட்டி அவர்கள் காட்டுக் குளக்கரையிலேயே நடந்தது. பரிசு ஒரு கொன்றைப்பூ மாலை, அவ்வளவுதான்! ஆனால் இலுப்பைக் காட்டார் ஒருவர்கூட அதுவரை அந்த மாலையைக் கழுத்தில் போட்டதில்லை. அது பேச்சியின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

எடை பார்க்கக் குளத்தின் மேலே ஒரு மூங்கிலை வளைத்து வைத்திருந்தார்கள். மல்லன் அதன் நுனிவரை ஊர்ந்து போய்க் குப்புறப் படுக்க வேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டால் கனத்த பிரிவு. தொடாவிட்டால் இலேசான பிரிவு. நாரைதான் நடுவர்.

கனத்த பிரிவில் பனிநாட்டு வெள்ளைக் கரடி வந்திருந்தான். அவனைப் பார்த்ததுமே பேச்சி பூதலிங்கத்தை ஓரமாக இழுத்துப் போனாள்.

“மக்கா, நீ இலேசான பிரிவுல இறங்கிரு! அங்க எல்லாம் சோனிப் பயலுவதான்!”

“எதுக்கு பேச்சி? அந்த வெள்ளையனோடயே மோதிப் பாக்கேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்!”

“தோக்கதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? மூணு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படாம இரு. எடை தானா இறங்கிரும்!”

பேச்சி சொல்லை பூதலிங்கம் என்றைக்குத் தட்டினான்? தீனியை விட்டான். தண்ணீரையும் விட்டான். போதாதென்று உச்சி வெயிலில் அவனை மலையைச் சுற்றி ஓடவிட்டாள் அவள்.

இரண்டாம் நாள் அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “ஒரே ஒரு வாய், பேச்சி!” என்று கெஞ்சினான்.

குழி விழுந்த அவன் கண்களைப் பார்த்து அவளுக்குப் பகீரென்றது. கொடுத்திருக்கலாம். பாவி, மாலையை நினைத்துக்கொண்டாள்! “நாளைக்குக் குளத்தையே குடி மக்கா! இன்னைக்கு வேண்டாம்!”

மூன்றாம் நாள் பூதலிங்கம் மூங்கில் நுனியில் குப்புறப் படுத்தான். நுனி தாழ்ந்து தாழ்ந்து, தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. மூக்குக்கு நேரே குளம். நாக்கு தானாக வெளியே வந்தது.

“நக்கிராத! எல்லாம் போச்சு!” என்று பேச்சி கத்தினாள். அவன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“இலேசான பிரிவு!” என்றது நாரை. பேச்சி குட்டிக்கரணம் போட்டாள்.

“இப்பக் குடிக்கட்டுமா?”

“உடனே உன் ஆட்டம்தான் மக்கா! வயிறு கனத்தா புரள முடியாது. முடிச்சிட்டு வந்து குடி!”

மற்ற சோனிகள் கரடியைக் கண்டதுமே விலகிக்கொள்ள, எதிரே நின்றவன் தீவுநாட்டுக் கங்காரு மட்டும்தான். பூதலிங்கம் அவனை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, இரண்டு தோளும் மண்ணில் படச் சாய்த்தான். காடே ஆர்ப்பரித்தது!

பூதலிங்கம் மாலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்து நடந்தான். நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் விழுந்தான்.

பேச்சி தேக்கிலையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். “குடி மக்கா! இப்பக் குடிக்கலாம்! எவ்வளவு வேணும்னாலும் குடி!” ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து மண்ணுக்குப் போயிற்று. அவன் மூச்சு நின்றிருந்தது.

வெள்ளைக் கரடி வந்து அருகே உட்கார்ந்தான். “இவன் பேரைக் கேட்டு, இவனோட மோதத்தான் கடல் தாண்டி வந்தேன். நான் ஜெயிச்சாலும் இவன் ஜெயிச்சாலும், ராத்திரி ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து மீன் தின்னிருப்போமே!” என்றான்.

நாரை மாலையைப் பேச்சியின் கையில் வைத்துவிட்டுப் போனது. பொழுது சாய்வதற்குள் பூவெல்லாம் வாடிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் எப்போது தண்ணீர் குடித்தாலும் முதல் வாயை அவனைப் புதைத்த மண்ணில் ஊற்றிவிட்டுத்தான் குடித்தாள்.

நம்மை நம்பியவனை நம் ஆசைக்காக வருத்தினால், வெற்றி வரும்போது மாலை போட அவன் கழுத்து இருக்காது.