கையை எடுங்கண்ணா

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு கோகிலவாணிக்கு வயது முப்பத்தொன்று. சீடர் ஆறுச்சாமிக்கு ஐம்பத்திரண்டு. பழைய பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, புதுசாக எதையாவது கற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று அவளிடம் வந்து சேர்ந்த மனிதர்.

அவர் செய்த முதல் செயலி, டேப்லெட் திரையில் பேனாவால் எழுதுவதற்கானது. ஊர் ஊராகப் போய் மாடு பார்க்கும் டாக்டர் ஜெசிந்தா, குறிப்பெழுத அதைக் கேட்டிருந்தார். நான்கே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார். ‘இதில் எழுதினால் வலியில் கை விட்டுப்போகிறது’ என்று கூடவே ஒரு சீட்டு. திங்கட்கிழமை நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார். அன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் செயலியை மூட்டை கட்டிவிடுவார்கள். ஆறுச்சாமி பழைய பிரிவுக்கே நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“மேடம், தப்பு எம்மேல இல்லீங்க. எழுதறப்ப உள்ளங்கை திரையில பட்டா கோடு விழுகுது. அதனால கை பட்டதுமே எழுதறத நிறுத்திட்டு, ‘கையைத் திரையில் வைக்காதீர்கள்’னு செவப்பா எச்சரிக்கை காட்டறேன். அப்பவும் வெக்கறாங்க. இவங்கள எப்படீங்க திருத்தறது?”

கோகிலவாணி மடிக்கணினியை மூடினாள்.

“சாப்ட்டாச்சுங்களாண்ணா?”

“ஆச்சுங்க.”

“வாங்க, ஒரு ஆட்டம் கேரம் போடலாம்.”

சாப்பாட்டு அறையின் கேரம் போர்டில் ஆறுச்சாமிதான் ராஜா. அங்கே மட்டும் குரு என்றும் பார்க்காமல் அவளைத் தோற்கடிப்பார். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று சுருங்கிய முகம், பவுடர் டப்பாவைக் கண்டதும் மலர்ந்துவிட்டது.

ஸ்டிரைக்கரை வைத்தார். கையை ஊன்றிக் குறி பார்த்தார்.

“கையை எடுங்கண்ணா.”

“என்னதுங்க?”

“போர்டு மேல கை படக்கூடாது. ஸ்டிரைக்கர்ல விரல் நுனி மட்டும் பட்டாப் போதும்.”

கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துச் சுண்டினார். ஸ்டிரைக்கர் எந்தக் காயையும் தொடாமல் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. அடுத்த முறை மறந்துபோய் ஊன்றினார்.

“கையை எடுங்கண்ணா.”

பத்து நிமிஷத்தில் அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அவளோ சாவகாசமாகக் கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு காயாகப் போட்டாள். சிவப்பையும் போட்டாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

“அநியாயமுங்க இது! கையை ஊணாம யாரால அடிக்க முடியும்?” என்று ஆறுச்சாமி கத்தினார்.

கத்தியவர், பவுடர் படிந்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் மேசைக்கு ஓடினார்.

சனி, ஞாயிறு என்றெல்லாம் பார்க்கவில்லை. சிவப்பு எச்சரிக்கையைத் தூக்கி எறிந்தார். பேனா பக்கத்தில் இருக்கும்வரை கை எங்கே பட்டாலும் திரை அதைக் கண்டுகொள்ளாதபடி செய்தார். பேனாவுக்கு முன்பே கை வந்து கோடு போட்டுவிட்டால், பேனா வந்ததும் அந்தக் கோடு தானாக மறைந்தது.

திங்கட்கிழமை ஜெசிந்தா வந்தார். டேப்லெட்டை வாங்கி, கையைத் தாராளமாக ஊன்றி எழுத ஆரம்பித்தார். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் போனார். எழுதிக்கொண்டே, காலையில் காரமடையில் ஒரு எருமை இரட்டைக் கன்று போட்ட கதையைச் சொன்னார். சொல்லும்போதே ஓரத்தில் இரண்டு கன்றுகளையும் வரைந்து, ஒன்றுக்கு நெற்றியில் சுழியும் போட்டார். மூவரும் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள்.

“அன்னூர்ல ஒரு மாடு காத்துட்டிருக்குது. வரட்டுங்களா?” டேப்லெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஆறுச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் சின்னதாக ஒரு குறை.

“எடுத்துட்டுப் போயிட்டாங்க, ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா செயலி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்களே, மேடம்?”

கோகிலவாணி பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னைய எத்தனை தடவ ஜெயிச்சிருக்கீங்க? ஒரு தடவையாச்சும் போர்டைப் பத்திப் பேசியிருக்கீங்களாண்ணா?”