மழை, ஆறு, கடல்

ஆற்றங்கரையில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. மார்கழிக் காலையில் அதன் கட்டடங்கள் பாதிவரை பனிமூட்டத்தில் மிதக்கும்.

அங்கே நீரியல் படித்த மாணவர்களில் சவரிமுத்து ஒருவருக்குத்தான் தலை நரைத்திருந்தது. முன்பு லாரி ஓட்டியவர். ஒரு வெள்ளம் மகள் அமலியைக் கொண்டுபோனது. அதன்பிறகு அவர் லாரியில் ஏறவில்லை. படிக்க வந்துவிட்டார்.

முதலாண்டில் எல்லோருக்கும் ஒரே பாடங்கள். இரண்டாம் ஆண்டில் பாடங்கள் தொகுப்புகளாகப் பிரியும். மழை, ஆறு, கடல் என்று மூன்று. ஒருவர் ஒன்றைத்தான் எடுக்கலாம். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் தொகுப்பைச் சொல்லிவிட்டார்கள். சவரிமுத்து மட்டும் இன்னும் எதையும் எடுக்கவில்லை.

துறைத் தலைவர் மெஹருன்னிசா வயதில் அவருக்கு இளையவர். சவரிமுத்துவை ஆற்றுப்பக்கம் அழைத்துப்போனார்.

“என்ன குழப்பம், அண்ணாச்சி?”

“அன்னைக்கு மலையில பேய்மழை, மேடம். ஆறு கரையை உடைச்சுது. கடல் பொங்கி நின்னதால வெள்ளத்தை உள்ளே வாங்கல. மூணும் சேர்ந்துதான் எம் மகளைக் கொண்டுபோச்சு. நீங்க மூணையும் தனித்தனியா வச்சிருக்கீங்க. எதைப் படிச்சா யார் செஞ்சதுன்னு தெரியும்?”

மெஹருன்னிசா செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினார். இரு கைகளாலும் அள்ளி முகத்தைக் கழுவினார்.

“நீங்களும் இறங்குங்க.”

வெள்ளத்துக்குப் பிறகு சவரிமுத்து ஆற்றில் கால் வைத்ததே இல்லை. வெகுநேரம் கரையிலேயே நின்றார். பிறகு இறங்கினார். நீர் வெதுவெதுப்பாக இருந்தது. அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகியதுபோக மிச்சம் முகத்தில் பட்டது.

“முழு ஆத்தையும் அள்ள முடிஞ்சுதா?”

“கை கொள்ற மட்டும்தான், மேடம்.”

“எனக்கும் அவ்வளவுதான்.”

பனிக்குள் எங்கோ ஒரு பறவை நீரைத் தட்டிக்கொண்டு பறந்தது. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் வானம் என்று தெரியவில்லை.

“அப்போ யார் செஞ்சதுன்னு?” சவரிமுத்து மெல்லக் கேட்டார்.

“அமலி எங்கே விளையாடுவா?”

அவள் எப்படிப் போனாள் என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

“ஆத்துலதான் மேடம். ஓரமா உக்காந்து கிளிஞ்சல் பொறுக்குவா. கூப்பிட்டா வரமாட்டா.”

சொல்லும்போதே அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

“அங்கேயே நில்லுங்க, அண்ணாச்சி. ஆத்தையே எடுங்க. மழை அந்த வழியாத்தான் கடலுக்குப் போகும்.”