பாஹுவாவுக்குச் சொல்ல வேண்டிய வழி

சீடருக்கு அறுபத்தெட்டு வயது. ஆசானுக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. லாவோஸ் நாட்டின் வடக்கு மலையிலிருந்த அந்த ஊர்க்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கையாக இருந்தது.

சீடர் விளாஸ்திமில், செக் நாட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆசான் சோங்நெங், அந்த மலைகளில் வாழும் ஹ்மோங் மக்களின் சாவு வீடுகளில் வழி சொல்பவர்.

வழி சொல்லாவிட்டால் செத்த ஹ்மோங் உயிர் முன்னோரிடம் போய்ச்சேராது. கடைசியாக வாழ்ந்த வீட்டில் தொடங்கி, வாழ்ந்த ஒவ்வோர் ஊராக அதைப் பின்னோக்கிக் கூட்டிப்போக வேண்டும். அந்தந்த இடத்தில் குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பிறந்த வீட்டின் மண்ணில் புதைத்த நஞ்சுக்கொடிதான் உயிரின் முதல் சட்டை. அதை எடுத்து உடுத்திக்கொண்டு போனால்தான் முன்னோர்கள் அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வார்கள். இத்தனையும் ஒரு நீண்ட பாட்டு.

விளாஸ்திமிலின் மனைவி பாஹுவா ஹ்மோங் பெண். பத்தொன்பது வயதில் செக் நாட்டு நூற்பாலை ஒன்றில் வேலை பழக வந்தவள், அவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். சாகக் கிடந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு வழி சொல்ல ஆள் வையுங்கள்."

அவர் தலையாட்டினார். ஆள் கிடைக்கவில்லை. ஓர் இசைத்தட்டைப் போட்டு இருபது நிமிடத்தில் அடக்கத்தை முடித்தார்கள். அவள் எங்கே திகைத்து நிற்கிறாளோ என்ற நினைப்பு அன்றிலிருந்து மனிதரைத் தின்றது. இரண்டாம் வருடம், நானே கற்றுப் பாடிவிடுகிறேன் என்று மலையேறி வந்துவிட்டார்.

பை நிறைய முப்பத்தொரு நோட்டுப் புத்தகங்கள் கொண்டுவந்தார். செக் மொழியையும் ஹ்மோங் மொழியையும் ஒப்பிட்டு முப்பத்தெட்டு வருடமாக எழுதியவை. முதல் வாரமே ஆசான் முன் விரித்து வைத்தார்.

"செக்கில் ஒரு பெயர்ச்சொல்லின் வால் ஏழு விதமாக மாறும், ஆசானே. உங்கள் மொழியில் சொல் அசையவே அசையாது. நறுக்கென்று ஓரசை. ஆனால் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். எங்களுக்கு மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு..."

சோங்நெங் சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவையும் யாரிடம் கேட்டு எழுதினீர்கள், பெரியவரே?"

"பாஹுவாவிடம்தான். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்."

"என்ன பேசினாள்?"

விளாஸ்திமில் பெருமையாகச் சொன்னார்: "குரல் ஏறி இறங்கும் எல்லாச் சுரத்தையும் தெளிவாகப் பேசுவாள். அவளைப்போல ஒருத்தி எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் வாய்க்காது."

ஆசான் ஒரு கூடைக் கதிரை அவர் பக்கம் தள்ளினார்.

பதினொரு மாதம் போயிற்று. விளாஸ்திமில் கதிர் உரித்தார், விறகு சுமந்தார், பாட்டை அடி அடியாக நெட்டுருப் போட்டார். அந்தக் காதும் நாக்கும் சும்மாவா? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம்மாள்தான் என்று கேலி செய்தவர்களே சொன்னார்கள். முதல் முறையாக அவருக்கு நெஞ்சு லேசானது.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம் அவர் கேட்டார்.

"பாடட்டுமா, ஆசானே? அவளுக்காக?"

"பாடுங்கள். இடங்களைப் பாட்டு தராது. அவற்றை நீங்கள்தான் வைக்க வேண்டும்."

விளாஸ்திமில் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து தொடங்கினார். அவள் இறந்த வீட்டைச் சொன்னார். குழாய்த் தண்ணீருக்கும் நிலக்கரிக்கும் நன்றி சொன்னார். அதற்கு முன் குடியிருந்த மாடி வீட்டைச் சொன்னார். கல்யாணமான புதிதில் இருந்த ஒற்றை அறையைச் சொல்லும்போது அழுதார், ஆனாலும் சுரம் பிசகவில்லை. பிறகு நூற்பாலை விடுதி.

"நல்லது. அதற்கு முன்?" என்றார் சோங்நெங்.

"லாவோஸ்."

"லாவோஸ் பெரிய நாடு."

"மலை."

"எந்த மலை?"

பாட்டு அங்கேயே நின்றுவிட்டது. பாட்டு அவருக்கு மறக்கவில்லை. நூற்பாலைக்கு முன் அவள் எங்கே வாழ்ந்தாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"பிறந்த ஊர்? நீர் மொண்ட ஓடை? கூடப் பிறந்தவர்கள்?"

"போரில் ஊரை விட்டு ஓடினார்களாம். எத்தனை ஊர் மாறினார்கள் என்று... ஆலைக் காகிதத்தில் லாவோஸ் என்று மட்டும்தான் இருக்கிறது."

"அவளைக் கேட்டதில்லையா?"

அவர் பதறி எழுந்து பையைக் கொட்டினார். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். தண்ணீர் என்ற சொல் இருந்தது. ஓடை இருந்தது. அம்மா இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுரக்குறி, தேதி, அதே பொருளுக்குச் செக் சொல், அதன் ஏழு வால்கள். பதினேழாம் நோட்டில் வீடு என்ற சொல்லுக்கு வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"படியுங்கள்" என்றார் ஆசான்.

"வேண்டாம்."

"படியுங்கள், பெரியவரே."

தன் கையெழுத்தைத் தானே படித்தார். "வீடு. ஆறு முறை சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை பாஹுவா அழுதுவிட்டாள். தொண்டை கலங்கியதால் சுரம் கெட்டது. நாளை மறுபடி பதிவு செய்ய வேண்டும்."

கூரையிலிருந்து தண்ணீர் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மறுநாள்?"

"மறுநாள் சரியாகச் சொன்னாள். இதோ, குறித்திருக்கிறேன்."

"ஏன் அழுதாள்?"

விளாஸ்திமில் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெட்கம் அவர் காதுவரை ஏறிச் சுட்டது. ஆசான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டார்.

பிறகு, பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்பதுபோலச் சீடர் நிமிர்ந்தார்.

"ஆசானே, இந்தப் பாட்டுக்கு ஊர்ப்பெயர் வேண்டும். என் மொழி வேறு மாதிரி. எங்கிருந்து, எங்கே, எதன் வழியாக, எல்லாம் அதில் சொல்லின் வாலாலேயே துல்லியமாகச் சொல்லலாம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நான் செக்கில் பாடினால்? அவளுக்குக் கேட்குமா?"

"கேட்கும். இத்தனை வருடம் உங்களோடு அதில்தானே குடும்பம் நடத்தினாள்? நீங்கள் எந்த மொழியில் கூப்பிட்டாலும் எழுந்து வருவாள், பெரியவரே" என்றார் சோங்நெங். "வந்து நின்றதும், எங்கே போகச் சொல்வீர்கள்?"