வெளியே போன நற்கருணை

"கொலைகாரனுக்கும் நற்கருணை குடுப்பீங்களோ, சாமி?"

கோயிலுக்குள் நுழைந்ததும் உபதேசியார் இன்னாசி கேட்டது இதைத்தான்.

பங்குச்சாமி சலேத், இன்னாசியைவிட இருபது வயது இளையவர். பூசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மனம் வருந்தி வந்திருக்கான்."

"வருந்தினா? என் தம்பி எழுந்து வருவானா?"

"வரமாட்டான்."

பதினாறு வருஷத்துக்கு முன், வலை அறுந்த தகராறில், வியாகுலம் துடுப்பால் ஓங்கி அடித்தான். ஒரே அடி. இன்னாசியின் தம்பி கடற்கரையிலேயே விழுந்து செத்தான். தம்பி பெண்டாட்டி சபீனா கைக்குழந்தையோடு நின்றாள்.

ஜெயிலிலிருந்து திரும்பிய வியாகுலம், நேற்று அவள் வீட்டு வாசலில் முழங்காலில் நின்று அழுதிருக்கிறான். அவள் கதவைத் திறக்கவில்லை.

"அந்தக் குடும்பத்துக்கு நான் உழைச்சுப் போட்டேன். முப்பது வருஷமா இந்தக் கோயில்ல செபம் சொல்லிக் குடுக்கேன். ஒரு நாள் பூசை தவறினதில்ல. அவன் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டான். எனக்கும் அவனுக்கும் ஒரே அப்பமா? இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லைதான்."

சாமி மறுத்துப் பேசியிருந்தால்கூட இன்னாசிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அவன் இந்தப் படி ஏறட்டும். நான் வாசலை மறிச்சு நிப்பேன்!"

"ஏறமாட்டான். நான் சொல்லிக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை வியாகுலம் படி ஏறவில்லை. வெளியே மணலில், கொதிக்கிற வெயிலில், முழங்காலில் நின்றான். இன்னாசி கதவு நிலையில் இரண்டு கையையும் ஊன்றி வாசலிலேயே நின்றார்.

நற்கருணை வழங்கும் நேரம். சனம் வரிசையில் நின்றது.

சாமி நற்கருணைப் பாத்திரத்தோடு பீடத்தைவிட்டு இறங்கினார். வரிசையைக் கடந்து நேரே வாசலுக்கு வந்தார்.

"வழி விடும், உபதேசியாரே."

"வாக்குக் குடுத்தீங்களே சாமி!"

"அவன் ஏறமாட்டான்னுதான் சொன்னேன். ஆண்டவர் இறங்கமாட்டார்னு சொல்லலியே."

சாமியின் கையில் நற்கருணை; அப்ப வடிவில் ஆண்டவர். அதை மறிக்க இன்னாசிக்குத் துணிவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விலகினார்.

வரிசை அப்படியே திரும்பி, சாமிக்குப் பின்னால் மணலில் இறங்கியது. கடைசியாகச் சபீனா வந்தாள்.

"நீயுமா? உன் தாலியை அறுத்தவன் அவன்!"

"மறக்கல அத்தான்." அவள் கண்கள் சிவந்திருந்தன. "அவன் மூஞ்சில முழிக்க எனக்கும் இஷ்டமில்ல. ஆனா ஆண்டவர் வெளிய போயிட்டாரே. உள்ள நின்னு நான் யாரைக் கும்பிட?"

போய்விட்டாள்.

இன்னாசி திரும்பிப் பார்த்தார். கோயில் முழுக்க வெறும் பெஞ்சு.

வெளியே எல்லாரும் வாங்கியாயிற்று. வியாகுலம் நெற்றி மண்ணில் படக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தான். சனம் வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தது. சாமி நகரவில்லை. வெயிலில் பாத்திரத்தை ஏந்தியபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.



"எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல சாமி!" இன்னாசி வாசலிலிருந்தே கத்தினார்.

"தீராமலே வாரும்."